இணையவழித் தொலைபேசி: திருட்டு நடப்பது வேறு வாசலில்

ஐயா,

இணையவழித் தொலைபேசிச் சேவை பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அழைப்புகள் மறையாக்கம் (பிறர் புரிந்துகொள்ள முடியாதபடி குறியீடாக்குதல்) செய்யப்படுகின்றனவா என்று சேவை நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டால் போதும் என்ற அறிவுரையோடு முடிந்திருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது ஆபத்து. இந்தச் சேவையில் பெருந்தொகை பறிபோவது யாரோ ஒட்டுக்கேட்பதால் அல்ல. யாரோ உங்கள் கணக்கில் நுழைந்து, உங்கள் பெயரில் எண்களை அழைப்பதால். அந்த வாசலை மறையாக்கம் அடைக்காது. அதை அடைக்கும் கருவிகளும் வரம்புகளும் வேறு. அவற்றைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் மறையாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஓர் அழைப்புக்குள் இரண்டு ஓட்டங்கள் உண்டு. யார், யாரை, எந்த முகவரியில் அழைக்கிறார் என்று பேசி முடிக்கும் சிக்னலிங் ஒன்று. அதற்கு எஸ்ஐபி என்று பெயர். இன்று புழக்கத்தில் உள்ள அதன் வடிவம் 2002-இல் வகுக்கப்பட்டது. குரலைச் சுமந்து செல்லும் ஆர்டிபி ஓட்டம் மற்றொன்று. இரண்டுக்கும் பூட்டு தனித்தனி: சிக்னலிங்குக்கு டிஎல்எஸ், குரலுக்கு எஸ்ஆர்டிபி. இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. எஸ்ஆர்டிபி-க்கான சாவியை எஸ்டிஇஎஸ் முறையில் பரிமாறிக்கொண்டால், அந்தச் சாவி சிக்னலிங் செய்தியின் உள்ளேயே ஒரு வரியாகப் பயணிக்கும். டிஎல்எஸ் இல்லாமல் எஸ்ஆர்டிபி மட்டும் போட்டிருந்தால், கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரிதான். டிடிஎல்எஸ் முறையில் இந்தச் சிக்கல் இல்லை. சாவி, குரல் செல்லும் பாதையிலேயே இரு முனைகளுக்கும் இடையே உருவாகிறது. பிரவுசர் வழிப் பேசும் வெப்ஆர்டிசி-யில் டிடிஎல்எஸ் கட்டாயம்.

"எங்கள் அழைப்புகள் மறையாக்கப்பட்டவை" என்று நிறுவனம் சொன்னால், எதுவரை என்றும் கேட்க வேண்டும். பெரும்பாலும் உங்கள் கருவியிலிருந்து நிறுவனத்தின் எல்லைப் பெட்டி வரைதான். அங்கே பூட்டு திறக்கப்படுகிறது. அடுத்த நிறுவனத்துக்கு அழைப்பு போகும்போது மீண்டும் பூட்டப்படலாம். பல இணைப்புகளில் பூட்டப்படுவதில்லை. சாதாரணத் தொலைபேசி எண்ணை அழைக்கும் எந்தச் சேவையும் முனைக்கு முனை ரகசியம் தர முடியாது, ஏனென்றால் மறுமுனையில் இருப்பது பழைய வலையமைப்பாகவும் இருக்கலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. செலவைக் காரணம் காட்டி எஸ்ஆர்டிபி-யை மறுப்பவர்களிடம் ஒரு கணக்கு: 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட் (குரலின் ஒரு சிறு துண்டு) வீதம் போகும் அழைப்பில், ஒவ்வொரு பாக்கெட்டோடும் சேரும் 10 பைட் சான்றுக் குறியால் கூடும் சுமை நொடிக்கு 4 கிலோபிட். அவ்வளவுதான்.

இனித் திருட்டு நடக்கும் வாசலுக்கு வருவோம்.

எஸ்ஐபி செய்திகள் சர்வருக்குள் நுழையும் வாசல் எண், அதாவது போர்ட், வழக்கமாக 5060. இந்த போர்ட்டைப் பொது இணையத்துக்குத் திறந்து வைத்த எந்த சர்வரையும் தானியங்கி நிரல்கள் சில மணி நேரத்துக்குள் தேடி வந்துவிடும். அவை செய்யும் வேலை எளிது. 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன் (உள்தொடர்பு) எண்களை வரிசையாக எடுத்து, அந்த எண்ணுக்குரிய ஃபோன் நான்தான் என்று பதிவுக் கோரிக்கை அனுப்பும். இல்லாத எண்ணுக்கு சர்வர் 404 என்றும், இருக்கும் எண்ணுக்கு 401 என்றும் பதில் சொன்னால், எந்தெந்த எண்கள் உண்மையானவை என்ற பட்டியலை சர்வரே கொடுத்துவிட்டது. பிறகு அந்த எண்களுக்குக் கடவுச்சொல்லை ஊகிக்க வேண்டியது மட்டுமே பாக்கி. 101-க்குக் கடவுச்சொல்லும் 101 என்று வைத்திருக்கும் அமைப்புகள் இன்றும் இருக்கின்றன. எனவே எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரி பதில் தர வேண்டும். கடவுச்சொல்லை மனிதர் தேர்ந்தெடுக்கக் கூடாது, கருவி உருவாக்க வேண்டும், 20 எழுத்துகளுக்குக் குறையக் கூடாது. நீளம் ஏன் முக்கியம் என்றால், எஸ்ஐபி-யின் அடையாளச் சோதனை பெரும்பாலான கருவிகளில் இன்னும் எம்டி5 என்ற பழைய, வேகமாகப் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கீட்டு முறையின் அடிப்படையிலானது. ஒரே ஒரு பதிவுப் பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால், சர்வரைத் தொடாமலேயே தன் கணினியில் உட்கார்ந்து கோடிக்கணக்கான சொற்களை ஒருவன் சோதித்துப் பார்க்கலாம். அதைவிட வலுவான எஸ்ஹெச்ஏ-256 முறையைப் பயன்படுத்த 2020-இல் வழி வகுக்கப்பட்டது. ஆனால் பழைய ஃபோன்கள் அதை அறியா.

கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது கசியும் இன்னொரு இடத்தை யாரும் பேசுவதில்லை. மேசை ஃபோன்களைப் பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதும் அவை தாமாகவே சர்வரிலிருந்து ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பை இறக்கிக்கொள்கின்றன. கோப்பின் பெயர் பெரும்பாலும் அந்த ஃபோனின் மேக் முகவரி, அதாவது தயாரிக்கும்போதே கருவிக்கு இடப்படும் அடையாள எண். உள்ளே எக்ஸ்டென்ஷனும் கடவுச்சொல்லும் அப்படியே எழுதப்பட்டிருக்கும். மேக் முகவரியின் 12 இலக்கங்களில் முதல் 6 தயாரிப்பாளரைக் குறிப்பவை, எல்லோருக்கும் தெரிந்தவை. மீதி 6-ஐ வரிசையாக மாற்றிக் கேட்டுக்கொண்டே போனால் கோப்புகள் ஒவ்வொன்றாகக் கையில் விழும். இந்த சர்வர் ஹெச்டிடிபிஎஸ் வழியில் மட்டும் பதில் சொல்ல வேண்டும்; கேட்கும் ஃபோன் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும்; ஃபோன் ஒருமுறை கோப்பைப் பெற்றுக்கொண்ட பிறகு அந்தக் கணக்குக்கான கதவு மூடப்பட வேண்டும். கடவுச்சொல்லோ மறையாக்கமோ இல்லாத டிஎஃப்டிபி வழியில் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடாமல் இருப்பதே நல்லது.

உள்ளே நுழைந்தவன் யாரோடும் பேசுவதில்லை. அவனுக்கு வெளிநாட்டில் வருவாய்ப் பங்கு தரும் எண்கள் இருக்கும். அந்த எண்ணுக்கு வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு பங்கு அவனுக்குப் போகும். வெள்ளி இரவு தொடங்கி, அலுவலகம் திறக்கும் வரை உங்கள் கணக்கிலிருந்து அந்த எண்களை இடைவிடாமல் அழைத்துக்கொண்டே இருப்பான். 30 சேனல், அதாவது ஒரே நேரத்தில் 30 அழைப்புகளுக்கு இடம், உள்ள டிரங்க் இணைப்பு ஒன்று வெள்ளி இரவு 8 மணி முதல் திங்கள் காலை 8 மணி வரை முழுதாக ஓடினால் 60 மணி நேரம், 1,08,000 நிமிடம். அதே டிரங்கில் வெளிநாட்டு அழைப்புக்கு ஒரே நேரத்தில் 2 சேனல், நாளொன்றுக்கு மொத்தம் 120 நிமிடம் என்று வரம்பு இருந்தால், நான்கு நாள்களைத் தொட்டாலும் இழப்பு 480 நிமிடத்தைத் தாண்டாது. கடவுச்சொல் இரண்டு கணக்கிலும் ஒரே மாதிரிதான் திருடப்பட்டது. வித்தியாசத்தை உண்டாக்கியது வரம்பு ஒன்றுதான்.

அந்தப் பணத்தைத் திரும்பப் பெறுவது ஏன் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். அழைப்பு உங்கள் நிறுவனத்திலிருந்து இரண்டு மூன்று இடைநிறுவனங்களைத் தாண்டிச் சென்றிருக்கும். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குப் பணம் கட்டியாக வேண்டும். அழைப்பு உண்மையிலேயே நடந்தது என்பதற்கு எல்லோரிடமும் பதிவு இருக்கிறது. எனவே மாத முடிவில் பில்லைப் பார்த்துக் கண்டுபிடிப்பதால் பயன் இல்லை. இன்னொன்று: அழைப்புப் பதிவு, அழைப்பு முடிந்த பிறகுதான் எழுதப்படுகிறது. மூன்று மணி நேரம் ஓடும் அழைப்பு, மூன்று மணி நேரத்துக்குக் கணக்கில் தெரியாது. மோசடியைக் கண்காணிக்கும் அமைப்பு முடிந்த அழைப்புகளை மட்டும் பார்த்தால் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் அழைப்புகளையும் நிமிடத்துக்கு நிமிடம் எண்ண வேண்டும்.

வரம்பு போட்டவர்களும் கோட்டைவிடும் ஓட்டை, அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதி. வெளியே அழைக்கத் தடை இருக்கும். ஆனால் இணையதளக் கணக்கிலோ, 0000 என்ற ரகசிய எண்ணோடு கிடக்கும் வாய்ஸ்மெயில் பெட்டியிலோ நுழைந்து, அந்த எண்ணை வெளிநாட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டால் போதும். பிறகு சாதாரணமாக உள்ளே அழைத்தாலே கட்டணம் வெளியே ஓடும். திருப்பிவிடப்பட்டு வெளியே போகும் அழைப்புக்கும் அதே வரம்பு பொருந்துகிறதா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால், பொருந்தவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வரம்புகள் எல்லாம் அமர்ந்திருக்கும் இடம்தான் செஷன் பார்டர் கண்ட்ரோலர், துறையினர் சொல்வது எஸ்பிசி. நிறுவனத்தின் வலையமைப்புக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கும் பெட்டி இது. சாதாரண ஃபயர்வால் செய்யாத ஒரு வேலையை இது செய்கிறது: வரும் அழைப்பை முழுதாகத் தன்னிடமே முடித்துக்கொண்டு, மறுபக்கம் புதிய அழைப்பாகத் தொடங்குகிறது. இதனால் உள்ளே எத்தனை சர்வர், என்ன முகவரி, என்ன மென்பொருள் என்பது வெளியே தெரிவதில்லை. முறையற்ற செய்திகள் உள்ளே இருக்கும் சர்வரைத் தொடுவதற்கு முன்பே கீழே போடப்படும். குரலுக்கான போர்ட், அழைப்பு நடக்கும் நேரத்துக்கு மட்டும் திறந்து மூடப்படும். திறந்திருக்கும் அந்த நேரத்திலும் கவனம் வேண்டும். குரல் பாக்கெட் எங்கிருந்து முதலில் வருகிறதோ அந்த முகவரிக்கே திருப்பி அனுப்பும் பழக்கம் சில மென்பொருள்களில் உண்டு. அழைப்பு நடக்கும் போர்ட்டுக்கு யாரோ ஒருவன் பாக்கெட் எறிந்தால் மறுபக்கத்தின் குரல் அவனுக்குப் போய்ச் சேரும். ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி சர்வர் மென்பொருள் உட்பட சிலவற்றில் 2017-இல் இந்தக் குறை வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. திருத்தத்தை நிறுவாத சர்வர்களுக்கு அது இன்னும் குறைதான். எஸ்ஆர்டிபி இருந்தால் திருடனுக்குக் கிடைப்பது பூட்டிய பாக்கெட். ஒட்டுக்கேட்பதற்கு எதிராக மறையாக்கம் தன் வேலையைச் செய்யும் இடம் இது.

எஸ்பிசி-யின் வேலையில் பாதுகாப்பும் நிர்வாகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஒரு லட்சம் ஃபோன்கள் வீட்டு ரூட்டர்களுக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ரூட்டர், யூடிபி என்ற இலகுவான அனுப்பும் முறைக்கான வழியைச் சில பத்து நொடிகளிலேயே மறந்துவிடும் வகையாக இருக்கலாம். அந்த வழி உயிரோடு இருக்க, ஃபோன் அடிக்கடிப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நொடிக்கு ஏறத்தாழ 1,670 பதிவுகள். இத்தனையையும் எஸ்பிசி தானே தாங்கிக்கொண்டு, உள்ளே இருக்கும் பதிவு சர்வருக்கு 3,600 நொடிக்கு ஒருமுறை மட்டும் அனுப்பினால், அங்கே போவது நொடிக்கு சுமார் 28. இது நல்ல நாளில். மின்தடைக்குப் பிறகு மின்சாரம் வரும் அந்த நிமிடத்தில், ஒரு லட்சம் ஃபோன்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகக் கதவைத் தட்டும். தாங்க முடியாத சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால், ஒவ்வொரு ஃபோனும் அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி என்று மீண்டும் மீண்டும் அனுப்பும். 32 நொடியில் கைவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சுமை குறைவதற்குப் பதில் பெருகும். அப்போது எஸ்பிசி ஒரு பகுதியை மட்டும் உள்ளே விட்டு, மற்றவர்களுக்கு 503 பதிலோடு, இத்தனை நொடி கழித்து வா என்று வெவ்வேறு காலக்கெடு தந்து சிதறடிக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே காலக்கெடு தந்தால் அதே கூட்டம் ஒரு நிமிடம் கழித்துத் திரும்ப வரும், வேறொன்றும் நடக்காது.

தாக்குதல் தடுப்பு வரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தால் இதே நேரத்தில் இன்னொரு கேடும் நேரும். ஒரே அலுவலகத்தின் 200 ஃபோன்கள் ஒரே பொது முகவரியிலிருந்து வரும். முகவரிக்கு இத்தனை என்று வரம்பு இருந்தால், மின்தடைக்குப் பின் எழுந்த அந்த 200-ஐயும் தாக்குதல்காரர்கள் என்று நினைத்துப் பெட்டி தடைப்பட்டியலில் போட்டுவிடும். வரம்பை முகவரி அளவிலும் கணக்கு அளவிலும் தனித்தனியே வைத்து, ஏற்கெனவே வெற்றிகரமாகப் பதிந்த முகவரிகளுக்கு அதிக இடம் தர வேண்டும். கடவுச்சொல் தவறிய முயற்சிகளையே முதன்மையாக எண்ண வேண்டும். மொத்த முயற்சிகளை அல்ல.

வாசகர்கள் அன்றாடம் சந்திக்கும் இரண்டு கோளாறுகளுக்கு விளக்கம் தந்துவிடுகிறோம், ஏனென்றால் இவற்றுக்கு "இணையம் சரியில்லை" என்ற பதில்தான் வழக்கமாக வருகிறது. அழைப்பு நன்றாக இணைந்து, இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது சரியாக 32-ஆம் நொடியில் அறுந்தால், அது இணைய வேகத்தின் குற்றம் அல்ல. ஃபோனை எடுத்தவர் பக்கம் 200 என்ற பதில் அனுப்பி, அதற்கு ஏசிகே என்ற ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. ஒப்புதல் தவறான முகவரிக்குப் போய்விட்டது. 32 நொடி பார்த்துவிட்டு அந்தப் பக்கமே அழைப்பை முடித்துக்கொள்கிறது. செய்தியில் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி எழுதப்பட்டிருப்பதே பெரும்பாலும் காரணம். ஒருவர் குரல் மட்டும் கேட்டு மற்றவர் குரல் கேட்காமல் போவதும் இதே குடும்பத்து நோய்தான். இங்கே தவறான முகவரி குரல் ஓட்டத்துக்கானது. இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது, ரூட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி இயங்குகிறதா என்பது. உதவி செய்வதற்காக வைக்கப்பட்ட அது, முகவரியைப் பாதி மாற்றி மீதியை விட்டுவிடும். அதை அணைத்துவிட்டு, முகவரியைத் திருத்தும் பொறுப்பை நிறுவனத்தின் எஸ்பிசி-யிடம் விடுவதே சரி. டிஎல்எஸ் வழியில் போனால் ரூட்டருக்குச் செய்தியே தெரியாது. எனவே கெடுக்கவும் முடியாது.

குரல் தரம் பற்றிக் கட்டுரை சொன்னதில் ஒரு திருத்தம். வேகமான இணைப்பு வாங்கினால் மட்டும் தரம் வந்துவிடாது. ஜி.711 என்ற கோடெக்கில் (குரலை எண்வடிவத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்பு ஒரு திசையில் ஈதர்நெட்டில் எடுப்பது நொடிக்கு 87.2 கிலோபிட் மட்டுமே. 2 மெகாபிட் அப்லோடில் கணக்குப்படி 22 அழைப்புகள் போகும். நாலில் ஒரு பங்கை மற்ற வேலைகளுக்கு ஒதுக்கிவிட்டால் 17. முக்கியமானது 18-ஆவது அழைப்பை என்ன செய்வது என்பது. அதை ஏற்றுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் ஒரே ஓர் அழைப்பு கூடியதற்காக எல்லா அழைப்புகளிலும் பாக்கெட் சிந்தும். ஒருவருக்கு அல்ல, அத்தனை பேருக்கும் குரல் உடையும். அதனால் எண்ணிக்கை நிறைந்ததும் அடுத்த அழைப்பை மறுக்க வேண்டும், அல்லது வேறு வழியில் அனுப்ப வேண்டும். குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறி உண்டு. வெளியிலிருந்து வரும் பாக்கெட் அந்தக் குறியோடு வந்தாலும் எல்லையில் நம்பக் கூடாது. எஸ்பிசி அறிந்த அழைப்புக்குரியதா என்று பார்த்துப் புதிதாகக் குறியிட வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் தன் டவுன்லோடுக்கு 46 போட்டுக்கொண்டு முன்வரிசையில் நுழைவார். ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள், ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30-க்குள், இழப்பு 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும்.

அழைப்பவரின் எண் போலியாக வருவது பற்றியும் ஒரு சொல். எஸ்ஐபி-யில் அழைப்பவர் எண் என்பது அனுப்புபவரே எழுதிக்கொள்ளும் ஒரு வரி. தன் வாடிக்கையாளருக்கு ஒதுக்கிய எண்ணைத் தவிர வேறு எண் அந்த வரியில் வந்தால், முதல் நிறுவனமே அழைப்பை நிறுத்தியாக வேண்டும். இந்தப் பொறுப்பை அங்கேயே செய்தால் மற்றது எளிது. அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாயமான ஸ்டிர்-ஷேக்கன் முறையில், தொடங்கும் நிறுவனம் அழைப்பில் கையெழுத்திடுகிறது. வாடிக்கையாளரையும் எண்ணையும் அறிந்தால் ஏ, வாடிக்கையாளரை மட்டும் அறிந்தால் பி, எங்கிருந்தோ வாங்கிக் கடத்துவதானால் சி. நல்ல ஏற்பாடு. ஆனால் வழியில் இணையவழி அல்லாத ஒரு பழைய சர்க்யூட் பகுதி குறுக்கிட்டால் கையெழுத்து அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. ஏ என்ற சான்று, அழைப்பவர் நேர்மையானவர் என்று சொல்வதும் இல்லை. எண் அவருடையது என்று மட்டுமே சொல்கிறது.

கடைசியாக, மேலே சொன்ன எல்லா வரம்புகளுக்கும் ஒரு விலக்கு கட்டாயம் வேண்டும். மோசடி ஐயத்தில் கணக்கு முடக்கப்பட்டிருக்கலாம், சேனல்கள் நிறைந்திருக்கலாம், முகவரி தடைப்பட்டியலில் இருக்கலாம். அப்போதும் அவசர உதவி எண்ணுக்கான அழைப்பு போயாக வேண்டும். அதற்கென எஸ்பிசி-யில் தனி வழி, தனி ஒதுக்கீடு, தேவைப்பட்டால் நடந்துகொண்டிருக்கும் சாதாரண அழைப்பை அறுத்தாவது இடம் தரும் விதி இருக்க வேண்டும். தடை விதிகளை மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வழியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் பக்கத்திலும் இரண்டு வேலைகள் உண்டு. ஃபைபர் இணைப்பு பழைய செம்புக் கம்பி போல மின்சாரம் தராது. மின்தடையில் ரூட்டரும் ஃபோனும் இயங்க பேட்டரி வேண்டும். கருவியை வேறு இடத்துக்கு எடுத்துப் போனால், நிறுவனத்திடம் உள்ள முகவரியை அன்றே மாற்ற வேண்டும். பழைய முகவரி அப்படியே இருந்தால், ஆம்புலன்ஸ் போய் நிற்பது பழைய வீட்டு வாசலில்.

இப்படிக்கு,
இணையவழிக் குரல் சேவைப் பொறியாளர்கள் சிலர்